இருக்கை ஒன்பது

சிலப்பதிகாரத்து வேனிற்காதையிலே, கோவலனைப் பிரிந்த மாதவி யாழைக் கையிலேந்திப் பாட அமர்கின்றாள். ஒன்பது வகை இருக்கைகளுள் முதலாவதில் அமர்ந்தாள் என்பர் இளங்கோவடிகள். பதுமுகம், உற்கட்டிதம், ஒப்படியிருக்கை என உரைகாரர் அவற்றுக்குப் பெயரும் நிறுத்துவர். இப்பகுதியைக் கற்பிக்குந்தோறும் எமக்கு ஓர் எண்ணம் எழுவதுண்டு. ஒன்பது இருக்கை அறிந்த மரபின் வழிவந்த நாம், இன்று ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, அது இயலாதார்க்கு இசையே இயலாது என்கின்றோமே, இது தகுமா?

நாரந்தனையிலும் அயலூர்களிலும் வீணையும் வயலினும் பயிலும் பிள்ளைகள் பகல் முழுதும் வாங்கிலே குனிந்திருந்து எழுதுகின்றனர். மாலையிற் சப்பாணி கட்டி ஒரு மணி நேரம் வாசிக்கின்றனர். வட இலங்கைச் சங்கீத சபையின் தேர்வு நெருங்கினால் ஒரு மணி இரண்டாகும். முதுகு வலிக்கின்றது என்று வாய் திறந்தாற் சோம்பல் என்பது பெரியோர் தீர்ப்பு. நல்ல விரலும் நல்ல செவியும் வாய்த்த பிள்ளை கருவியை உறையிலிட்டு மூலையிற் சார்த்திவிடுவது இவ்வாறுதான்.

காரணம் சோம்பலன்று. இடுப்பு மூட்டு இறுகியவர் தரையிற் கால் மடித்திருந்தால் முழங்கால் இடுப்பினும் உயர்ந்து நிற்கும். இடுப்பெலும்பு பின்னோக்கிச் சரியும். முதுகின் அடியில் இயல்பாயுள்ள வளைவு கெட்டுக் கூன் விழும். ‘நிமிர்ந்திரு’ என அதட்டினால் நாலு கணம் நிமிர்வர், அவ்வளவே. வீணைக்கோ இன்னொரு தொல்லையுண்டு. குடம் வலப்பக்கத்துத் தரையிலும் சுரைக்காய் இடத் தொடையிலும் தங்க, இடக்கை தண்டியின் கீழாக வளைந்துவந்து மெட்டுக்களைத் தொடவேண்டும். தொடை தாழ்ந்தால் தண்டி சாயும். வாசிப்பவர் உடலும் உடன் சாயும்.

நான்கு விரல் உயரமுள்ள மணைப்பலகை ஒன்றோ, இறுகத் தைத்த திண்டு ஒன்றோ இதற்குப் போதும். அதன் முன்விளிம்பில் அமர்ந்தால் முழங்கால் தாழும்; முதுகு பெரும்பாலும் தானே நிமிரும். வீணையாயின் இருக்கை உயர்ந்த அளவுக்குக் குடத்தின் கீழும் ஒரு பலகை வேண்டும்; இதை மறப்பவர் பலர். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடப்பதும் நன்று. வலி காலுக்குப் பரவினாலோ, கால் மரத்தாலோ பலகையை நம்பியிராது வைத்தியரிடம் செல்லவேண்டும்.

மேனாட்டுக் கிதார்க்காரரும் இவ்வழி நடந்தவரே. பெர்னாண்டோ சோர் 1830 இல் வெளிவந்த தம் பயிற்சி நூலில் கிதாரை மேசை விளிம்பிற் சார்த்தும் முறையைக் கூறினார். அவர் காலத்து அகுவாடோ முக்காலித் தாங்கி ஒன்றை அமைத்தார். பின்னர் இடக்காலைச் சிறு படியில் உயர்த்துவது வழக்காயிற்று. ஒரு காலை மட்டும் உயர்த்தினால் இடுப்பு கோணும் என்பதால், இரு பாதமும் நிலத்திலூன்றித் தொடைமேல் மெத்தையோ தாங்கியோ வைத்து வாசிப்போர் இன்று பலர்.

நாற்காலியிலிருந்து வாசிப்பது மரியாதையன்று என்பாரும் உளர். திருவிழா இரவிலே தவிலைத் தோளிற் சுமந்து நின்றபடி வாசிப்பவரை மரியாதையற்றவர் என்று எவரும் சொல்லக் கேட்டதில்லை. வயலினின் கதை இன்னும் தெளிவு. மேனாட்டார் நின்றும் நாற்காலியிலிருந்தும் வாசித்த கருவி அது. பாலுசுவாமி தீட்சிதர் காலத்தில் நம் இசைக்கு வந்தபின், தலைப்பகுதியைக் காலில் ஊன்றித் தரையிலிருந்து வாசிக்கும் முறையை நாமே வகுத்துக்கொண்டோம். நம் வசதிக்காக அன்று ஓர் இருக்கையை மாற்றிய நாம், வலிகொண்ட பிள்ளைக்காக இன்று இன்னொன்றை மாற்றலாகாதோ?

விழா மலரைக் கையிற் கொண்டிருக்கும் பழைய மாணவருள் தச்சுத்தொழில் வல்லாரும் உளர். சங்கீத அறைக்கு வெவ்வேறு உயரத்தில் ஆறு மணைப்பலகைகள் செய்து தருவாராயின், வேப்பமரமே போதும். விழா மேடையில் வாசிக்கும் பிள்ளைகளுள் நாற்காலி வேண்டுவோர்க்கு நாற்காலியே இடுமாறு விழாக் குழுவினரையும் கேட்டுக்கொள்கின்றோம்.