நிச்சயமின்மையின் உபாசகர்கள்

சமீபத்தில் ஒரு கல்லூரித் தமிழ்த்துறைக் கூட்டத்தில் நண்பர் ஒருவர் பேசக் கேட்டேன். நல்ல கவிஞர். முப்பது வருஷப் பழக்கம். மாதம் பிறந்தால் ஓய்வூதியம் வங்கியில் வந்து விழுகிறவர். நிரந்தர உத்தியோகம் என்பது மத்தியதர வர்க்கத்தின் மூடநம்பிக்கை, நிச்சயமின்மையே நவீன மனிதனின் இயல்பான நிலை, அதைத் தழுவிக்கொள்ளுங்கள் என்பது பேச்சின் சாரம். மாணவர்கள் கைதட்டினார்கள். அந்தக் கூட்டத்துக்கு நாற்காலி போட்டவர், சால்வை வாங்கி வந்தவர், நன்றியுரை சொன்னவர் மூவருமே கௌரவ விரிவுரையாளர்கள். பதவியின் பெயரில் கௌரவம் இருக்கிறது. மே மாதச் சம்பளம் இல்லை. நன்றியுரை சொன்ன இளைஞர், 'ஐயா சொன்னபடி நாம் நிச்சயமின்மையைத் தழுவுவோம்' என்று முடித்தார்.

வேறென்ன சொல்ல முடியும் அவரால்? நான் பேச விரும்புவது இந்தக் கேள்வியைப் பற்றித்தான்.

நண்பரின் குழப்பம் அவருடையது மட்டுமல்ல. நம் சிறுபத்திரிகைச் சூழல் முழுவதற்கும் பொதுவானது. இரண்டு வேறு விஷயங்களுக்கு ஒரே பெயரை வைத்துவிட்டோம். 1966-ல் அசோகமித்திரன் ஜெமினி ஸ்டூடியோ வேலையை விட்டு எழுத்தை நம்பி வெளியே வந்தார். சி.சு. செல்லப்பா 1959-லிருந்து 'எழுத்து' நடத்தினார். புத்தகங்களைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போய் விற்றார். இவை தேர்வுகள். விலை என்னவென்று தெரிந்தே அவர்களும் அவர்கள் வீட்டாரும் கொடுத்தார்கள். இந்தத் தேர்வை மதிக்கத் தெரியாதவனோடு எனக்குப் பேச்சில்லை. ஆனால் புதுமைப்பித்தன் 1948-ல் தம் நாற்பத்திரண்டாவது வயதில் செத்துப்போனதையும் இதே கணக்கில் சேர்த்து, அவருடைய வறுமையை ஓர் அழகியல் கோட்பாடாகவே உயர்த்திவிட்டோம். அவரைக் கொன்றது காசநோய். அதற்குக் கோட்பாடு எதுவும் கிடையாது.

இன்னொரு நிச்சயமின்மை உண்டு. அதை யாரும் தேர்ந்துகொள்வதில்லை. வேறொருவர் மேஜையில் உட்கார்ந்து, காலண்டரைப் பார்த்து அதைத் தயாரிக்கிறார். ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா தொழிற்சாலை 2006-ல் உற்பத்தியைத் தொடங்கி 2014 நவம்பர் 1-ந் தேதி மூடப்பட்டபோது, இருபது சொச்சம் வயதில் ஆயிரக்கணக்கான ஆண்களும் பெண்களும் வெளியே நின்றார்கள். 'தழுவிக்கொள்' என்று அவர்களிடம் சொல்ல வேண்டிய அவசியமே யாருக்கும் ஏற்படவில்லை.

இது தயாராகும் விதம் எனக்குத் தெரியும். நானே தயாரித்திருக்கிறேன்.

1981-ல் தமிழ்நாட்டில் ஒரு சட்டம் வந்தது. தொழில் நிறுவனமொன்றில் 24 மாதங்களுக்குள் 480 நாள் வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்றது அது. 1984-ல் நான் அம்பத்தூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையின் டைம் ஆபீஸில் குமாஸ்தா. ஒவ்வொரு மாதக் கடைசியிலும் 450 நாளைத் தாண்டிய தற்காலிகத் தொழிலாளர்களின் பட்டியலை எழுதி மேலே கொடுக்க வேண்டும். எதற்கென்று யாரும் சொன்னதில்லை, எனக்குப் புரியாமலும் இல்லை. அடுத்த மாத மஸ்டர் ரோலில் அந்தப் பெயர்கள் இருக்காது. அதே மெஷினில் புதுப் பையன் நிற்பான். பட்டியல் என் கையெழுத்தில், அழகாக, வரிசை எண்ணோடு இருக்கும். அதே கையால் இரவில் நான் எழுதிய ஒரு கவிதை நாளை என்பதன் திறந்த தன்மையைக் கொண்டாடியது. ஒரு பத்திரிகை அதை முதல் பக்கத்தில் போட்டது. பாராட்டிக் கடிதங்கள் வந்தன. பட்டியலில் இருந்தவர்களின் நாளை மூடிய கதவாக இருந்தது என்பது எனக்கு முரண்பாடாகவே படவில்லை.

ஏன் மறுக்கவில்லை என்று கேட்கலாம். அப்போது நானும் நிரந்தரமாகியிருக்கவில்லை. மறுத்திருந்தால் அடுத்த பட்டியலை வேறொருவர் எழுதியிருப்பார், அதில் என் பெயரும் இருந்திருக்கும். நிரந்தரமாகி மூன்றாம் வருஷம் ஒருநாள், முடியாது என்றேன். கத்தினார்கள். ஸ்டோர்ஸுக்கு மாற்றினார்கள். இன்க்ரிமென்டை நிறுத்தினார்கள். வேலையை எடுக்க அவர்களால் முடியவில்லை. இது வீரமில்லை, மிகத் தாமதமாக வந்த கூச்சம். ஆனால் அந்தக் கூச்சம் வாய்திறந்து பேச, பணி நிரந்தரம் என்ற ஒரு காகிதம் தேவைப்பட்டது.

ஸ்திரமான உத்தியோகம் மனிதனை மந்தமாக்குகிறது என்பார்கள். ஆக்குகிறதுதான். கோப்புக்கு மேல் தூங்கிய ஆத்மாக்களை நண்பரைவிட நான் அதிகம் பார்த்திருக்கிறேன். நான் பரிந்து பேசுவது அந்தச் சௌகரியத்துக்காக அல்ல. நிரந்தரத்தின் உள்ளே ஒரே ஒரு மதிப்பீடு இருக்கிறது: மேலே இருப்பவனிடம் 'முடியாது' என்று சொல்லிவிட்டு மறுநாளும் வேலைக்கு வர முடிவது. அதைப் பயன்படுத்தாதவன் கோழை, ஒப்புக்கொள்கிறேன். அது இல்லாதவனிடம் தைரியத்தை உபதேசிப்பவனை என்னவென்பது?

நிரந்தரமே ஒரு மாயைதானே என்றும் ஒரு வாதம் உண்டு. 2003 ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த தமிழக அரசு ஊழியர்கள், ஆசிரியர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஓர் அவசரச் சட்டத்தின் பலத்தில் ஒரேயடியாக நீக்கப்பட்டார்கள். பின்னர் உச்ச நீதிமன்றத்தில் வழக்கு நடந்தபோது பெரும்பாலோர் திரும்ப எடுத்துக்கொள்ளப்பட்டார்கள். திரும்பியவர்களிடம் என்ன கேட்டார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்: மன்னிப்பும், இனி வேலைநிறுத்தம் செய்வதில்லை என்ற உறுதிமொழியும். சம்பளம் திரும்பக் கிடைத்தது. எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது அந்த 'முடியாது'வைத்தான். எதற்கு விலை அதிகம் என்று அதிகாரத்துக்குத் தெரிந்திருக்கிறது. கவிஞர்களுக்குத் தெரியவில்லை.

இத்தனைக்கும் நம் நவீனக் கவிதையின் கணிசமான பகுதி மாதச் சம்பளத்தில் விளைந்தது. பிச்சமூர்த்தி கோயில் நிர்வாக அதிகாரி, நகுலன் கல்லூரி ஆசிரியர், ஞானக்கூத்தன் பொதுப்பணித் துறை ஊழியர். வாசகன் ரசிக்கிறானா என்று பாராமல், விற்குமா என்று பாராமல் எழுத முடிந்ததற்கு முதல் தேதியும் ஒரு காரணம். அந்த முதல் தேதியை வெறுக்கும் கவிதைகளையும் முதல் தேதிப் பணத்தில்தான் அச்சடித்தோம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, மறைப்பதில்தான் இருக்கிறது.

கூட்டம் முடிந்து பஸ் நிறுத்தம்வரை அந்த நன்றியுரை இளைஞர் கூடவே வந்தார். மேடையில் சொன்னதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. 'உங்க காலத்துல எத்தனை நாள்ல சார் பெர்மனென்ட் ஆக்குவாங்க?' என்று கேட்டார். 480 நாள் என்றேன். அந்தச் சட்டம் ஆலைகளுக்கு, கல்லூரிக்கு அல்ல என்றும் சொன்னேன். 'எனக்கு இது ஒன்பதாவது வருஷம் சார்' என்றார். பஸ் வந்துவிட்டது.

நண்பருக்கு ஒரு வேண்டுகோள். நிச்சயமின்மையைத் தழுவுவது அத்தனை உன்னதம் என்றால் தம் ஓய்வூதியத்தை வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டு, அடுத்த கூட்டத்துக்கு வரட்டும். நான் முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்கிறேன். அதுவரை, வேண்டுமானால் கவிதையில் தழுவிக்கொள்ளட்டும். பிறர் பிழைப்பில் வேண்டாம்.