குனிந்த தலை நிமிராதா?

"பெண் என்றால் குனிந்த தலை நிமிரக் கூடாது" என்று அந்தக் காலத்துப் பாட்டிமார்கள் உபதேசம் செய்வார்கள். அப்போது அதை யார் காதில் போட்டுக் கொண்டார்களோ, தெரியாது. இன்று ஆண், பெண், தாத்தா, பேரன் என்ற வித்தியாசமே இல்லாமல் எல்லோரும் அதை நிறைவேற்றி வருகிறார்கள்! சந்தேகமிருந்தால், புதுச்சேரி கதிர்காமத்தில் இந்திரா காந்தி அரசு மருத்துவக் கல்லூரி வாசலில் காலை வேளையில் ஐந்து நிமிஷம் நின்று பாருங்கள். பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள், நோயாளிக்குத் துணையாக வந்தவர்கள், மாணவிகள் எல்லோருடைய தலையும் குனிந்தபடியே இருக்கும். பணிவினால் அல்ல; கைபேசியினால்!

இரண்டு மாதத்துக்கு முன், கதிர்காமத்தில் இருக்கும் என் பெரியம்மா மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா காப்பி கொண்டு வந்தாள். நான் கையை நீட்டுவதற்குள் தம்ளர் நழுவிக் கீழே விழுந்தது.

"ஒன்றுமில்லை, விடு. கொஞ்ச நாளாக வலது கை மரத்து மரத்துப் போகிறது. கழுத்திலேயும் பிடிப்பு. தைலம் தேய்த்துக் கொண்டுதான் இருக்கிறேன்" என்றாள், சர்வ சாதாரணமாக.

அக்கா வீட்டிலேயே ரவிக்கை தைத்துக் கொடுக்கிறாள். மகளின் கல்லூரிச் சம்பளம் அந்தத் தையல் மிஷினிலிருந்துதான் வர வேண்டும். வாடிக்கைக்காரர்கள் கழுத்து டிசைன்களை வாட்ஸப்பில் அனுப்புகிறார்கள். பகலெல்லாம் மிஷின் மேல் குனிவது. இரவெல்லாம் கைபேசி மேல் குனிவது. ஊராருக்கெல்லாம் அழகழகாகக் கழுத்து வைத்துக் கொடுக்கிறவளுக்குத் தன் கழுத்தைப் பற்றிக் கவலையில்லை!

"டாக்டரிடம் காட்டினாயா?" என்றேன்.

"காட்டினால் என்ன சொல்வார்? போனைத் தொடாதே, மிஷினைத் தொடாதே என்பார். அப்புறம் பிழைப்பு?"

அவள் பயம் எனக்குப் புரிந்தது. ஆனாலும் விடவில்லை; பிடிவாதமாக அழைத்துப் போனேன்.

நம் கழுத்தில் இருப்பவை 7 எலும்புகள். (ஒட்டைச்சிவிங்கிக்கும் அதே 7 தான்!) அவை சுமார் 5 கிலோ எடையுள்ள தலையைத் தாங்குகின்றன. தலை நேராக இருக்கும்வரை கஷ்டமில்லை. குனியக் குனியத்தான் பாரம் ஏறுகிறது. அமெரிக்க முதுகெலும்பு சர்ஜன் கென்னத் ஹன்ஸ்ராஜ் 2014-ல் இதைக் கணக்கிட்டு வெளியிட்டார். 15 டிகிரி குனிந்தால் கழுத்தின் மேல் பாரம் சுமார் 12 கிலோ. 30 டிகிரிக்கு 18 கிலோ. 60 டிகிரிக்கு 27 கிலோ! 25 கிலோ அரிசிச் சிப்பத்தைக் கழுத்தில் ஏற்றியதற்கும் மேலே.

இதைக் கேட்டு மிரள வேண்டாம். இது கம்ப்யூட்டரில் போட்ட கணக்கு. குனிகிறவர்கள் எல்லோருக்கும் வலி வந்தே தீரும் என்று அர்த்தமில்லை. பிரேஸில் நாட்டில் ரியோ டி ஜெனிரோ நகரில் 18 முதல் 21 வயதுள்ள 150 பேரைப் பரிசோதித்து 2018-ல் வெளியான ஆராய்ச்சியில், குனிந்து போன் பார்ப்பதற்கும் கழுத்து வலிக்கும் சம்பந்தம் தென்படவில்லை. ஆகவே பழி முழுவதையும் போன் தலையில் போட முடியாது. அசையாமல் மணிக்கணக்கில் ஒரே நிலையில் இருப்பது, தூக்கக் குறைவு, மனக் கவலை எல்லாவற்றுக்கும் இதில் பங்கு உண்டு.

டாக்டர் அக்காவின் கைப்பிடியைச் சோதித்தார். சிறு சுத்தியலால் முழங்கையைத் தட்டிப் பார்த்தார். "கழுத்திலிருந்து கைக்குப் போகிற நரம்பு நெருக்கப்படுகிறது, அம்மா. இன்னும் தாமதித்திருந்தால் ஊசி பிடிக்கவே சிரமமாகியிருக்கும். வேலையை விட வேண்டாம், வேலை செய்கிற விதத்தை மாற்றுங்கள்" என்றார். அக்காவின் கண்களில் நீர் துளிர்த்ததைப் பார்த்தேன்.

அவர் சொன்னவை நம் எல்லோருக்கும் உபயோகப்படும். போனைத் தேடித் தலை இறங்கக் கூடாது. போன்தான் கண்ணுக்கு நேரே உயர வேண்டும். அரைமணிக்கு ஒரு தடவை எழுந்து நாலடி நடந்து, தோள்களைச் சுழற்ற வேண்டும். மோவாயை நேராகப் பின்னுக்கு இழுத்து 5 விநாடி நிறுத்தி விடுவதைப் பத்துத் தடவை செய்யலாம். வலி அதிகமானால் நிறுத்திவிட வேண்டும். சலூனில் கழுத்தைத் திருகிச் சொடக்கு எடுக்கச் சொல்லி வீட்டு ஆண்கள் உட்கார்ந்தால் தடுத்து விடுங்கள். ரத்தக் குழாய்க்கே ஆபத்து நேரலாம். கை மரத்தல், பொருள் நழுவுதல், நடையில் தள்ளாட்டம், சிறுநீர் அடக்க முடியாமை ஆகியவை தோன்றினால் தைலத்தை நம்பாமல் உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

இப்போது அக்காவின் போன், மிஷினுக்கு எதிரே அலமாரித் தட்டில், ஊறுகாய் ஜாடியின் மேல் சாய்ந்து கொலுவீற்றிருக்கிறது! மரப்பு முழுதும் போகவில்லை. ஆனால் தம்ளர் விழுவதில்லை. நேற்றுப் போனில் பேசியபோது, நான் இதை எழுதிக்கொண்டிருப்பதாகச் சொன்னேன்.

"அது சரி, நீ எப்படி உட்கார்ந்து எழுதுகிறாய்?" என்று கேட்டாளே பார்க்கலாம்!

சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். நீங்கள்?