சீட்டும் சிட்டையும்

நாமக்கல் வட்டாரத்தில் கணக்கு எழுதாத தொழில் என்று ஒன்று கிடையாது. கோழிப் பண்ணையில் இன்று எத்தனை முட்டை, எத்தனை மூட்டை தீனி, எத்தனை கோழி செத்தது என்பதெல்லாம் பொழுது சாய்வதற்குள் நோட்டில் ஏறிவிடும். லாரி ஊர் திரும்பினால் டீசல், சுங்கம், டிரைவர் படி முதல் டயர் பஞ்சர் வரை டிரிப் கணக்கில் வந்தாக வேண்டும். சேலத்துத் தறிக்கூடங்களிலும் சவ்வரிசி ஆலைகளிலும் இதே வழக்கந்தான். இப்படிச் சிட்டையும் பேரேடுமாக வாழ்கிற ஊர்களில், கைப்பேசியில் காசு வைத்துச் சீட்டாடியவர்களில் எத்தனை பேர் அந்த ஆட்டத்துக்கு ஒரு நோட்டுப் போட்டிருப்பார்கள்?

அந்த ஆட்டத்துக்கு இப்போது சட்டம் தடை போட்டிருக்கிறது. 2025 ஆகஸ்டு 20, 21 தேதிகளில் பார்லிமெண்டின் இரு சபைகளிலும் மசோதா நிறைவேறி, 22-ந் தேதி ஜனாதிபதியின் ஒப்புதலும் கிடைத்தது. பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டு, திறமையாட்டமானாலும் அதிர்ஷ்ட ஆட்டமானாலும், நடத்தக் கூடாது. நடத்துகிறவருக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். விளம்பரம் செய்தால் 2 ஆண்டு, 50 லட்சம். ஆடுகிறவருக்கு இந்தச் சட்டத்தில் தண்டனை இல்லை. ரம்மி, போக்கர் கம்பெனிகள் உடனே பண ஆட்டத்தை நிறுத்தின. சட்டத்தை எதிர்த்து ஐகோர்ட்டுகளில் தொடுக்கப்பட்ட வழக்குகள் சுப்ரீம் கோர்ட்டுக்கு மாற்றப்பட்டன.

தமிழகத்துக்கு இந்தச் சண்டை புதிதல்ல. 2020 நவம்பரில் அவசரச் சட்டம் வந்தது. 2021 பிப்ரவரியில் அது சட்டமாயிற்று. ஆகஸ்டு 3-ந் தேதி சென்னை ஐகோர்ட்டு அதை ரத்து செய்தது. கடனில் மூழ்கியவர்களின் தற்கொலைகளைப் பற்றிய செய்திகள் தொடர்ந்து வந்துகொண்டிருந்தன. ஓய்வு பெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையிலான கமிட்டியின் அறிக்கைக்குப் பிறகு 2022 அக்டோபரில் சட்டசபை மறுபடியும் மசோதா நிறைவேற்றியது. கவர்னர் திருப்பி அனுப்பினார்; 2023 மார்ச்சில் சபை மீண்டும் நிறைவேற்றியது; ஏப்ரலில் ஒப்புதல் வந்தது. அதே ஆண்டு நவம்பர் 9-ந் தேதி ஐகோர்ட்டு அந்தச் சட்டத்தை ஏற்றுக்கொண்டாலும், ரம்மியும் போக்கரும் அதிர்ஷ்ட ஆட்டங்கள் என்று சொன்ன பட்டியலை மட்டும் தள்ளிவிட்டது. ரம்மியில் திறமையே முக்கியம் என்று சுப்ரீம் கோர்ட்டு 1968-லேயே சொல்லியிருந்தது.

திறமை உண்டு என்பது மெய்தான். அந்தத் திறமை எப்போது கண்ணுக்குத் தெரியும் என்பதுதான் வீட்டுக்காரர்கள் கேட்க வேண்டிய கேள்வி.

நூறு பேர் ஆட்டம்

ஒரு போக்கர் பந்தயத்தில் 100 பேர் ஆளுக்கு ரூ.100 கட்டுவதாக வைத்துக்கொள்வோம். கம்பெனி ஆளுக்குப் பத்து ரூபாய் எடுத்துக்கொண்டால் பரிசுக்கு நிற்பது ரூ.9,000. அதை முதல் 15 பேர் பங்கிட்டுக்கொள்வார்கள். அதிலும் பெரும்பகுதி முதல் மூவருக்கு. மற்ற 85 பேருக்குக் காலணா இல்லை. ஆகவே கைதேர்ந்த ஆட்டக்காரர்கூட இருபது முப்பது பந்தயங்களில் தொடர்ந்து வெறுங்கையோடு எழுந்திருக்க நேரும்.

வெளிநாடுகளில் இதைத் தொழிலாகவே கொண்டவர்கள் இதற்காகத்தான் குடும்பப் பணத்தில் கைவைக்காமல், ஆட்டத்துக்கென்று தனி முதல் வைக்கிறார்கள். குறைந்தது நூறு நுழைவுக் கட்டணத்துக்கு ஈடான தொகை கையில் இருக்க வேண்டும். ஒரு பந்தயத்தில் முதலில் நூற்றில் ஒரு பங்குக்கு மேல் போடக் கூடாது. முதல் குறைந்தால் சிறிய பந்தயத்துக்கு இறங்கிவிட வேண்டும். தோற்ற பந்தயத்திலேயே மறுபடி பணம் கட்டி நுழைந்தால் அதைத் தனிச் செலவாக எழுத வேண்டும். ஒவ்வொரு பந்தயத்துக்கும் தேதி, கட்டணம், எத்தனையாவது இடம், பரிசு என்று பதிவு இருக்கும். இத்தனையும் எழுதி நூறு பந்தயம் ஆடினாலும், திறமையா தெய்வாதீனமா என்று சொல்ல முடியாது. ஆயிரக்கணக்கில் ஆடினால்தான் ஓரளவு புலப்படும்.

இதை மாதச் சம்பளக்காரரின் கையில் வைத்துப் பார்க்க வேண்டும். மிச்சம் ரூ.5,000 உள்ளவர் இந்த விதிப்படி ரூ.50 பந்தயத்துக்கு மேல் ஏறக் கூடாது. ரூ.500 பந்தயத்தில் உட்கார்ந்தால் பத்தே ஆட்டத்தில் முதல் காலி. அவரிடம் உண்மையிலேயே திறமை இருந்தாலும் அது வெளிப்படப் போதுமான ஆட்டம் மிஞ்சாது. ஐகோர்ட்டில் வாதிடப்பட்ட திறமை நீண்ட கணக்கில் தெரிகிற திறமை. தீனிக் கடைக்குக் கொடுக்க வேண்டிய பணத்துக்கு அத்தனை நீளமான ஆயுள் கிடையாது.

இந்த ஊர்களில் ‘சீட்டு’ என்றால் ஏலச்சீட்டும் உண்டல்லவா? அதை நடத்துகிறவருக்குச் சட்டம் அனுமதித்த கமிஷன் நூற்றுக்கு 5 ஆக இருந்து, 2019 திருத்தத்தால் 7 ஆயிற்று. அதுவும் மாதம் ஒரு முறை ஏலம். கைப்பேசிப் பந்தயத்தில் கம்பெனியின் பங்கு ஒரே இரவில் பல முறை போகும்.

வரிக்குப் பின்

2023 அக்டோபர் 1 முதல் ஆட்டத்துக்குக் கட்டும் முழுத் தொகைக்கும் நூற்றுக்கு 28 ஜி.எஸ்.டி. விதிக்கப்பட்டது. ரூ.10,000 கட்டினால் வரி போக நிற்பது ரூ.7,812 சொச்சம். சில கம்பெனிகள் போனஸ் என்ற பெயரில் இதை ஈடு கட்டின. ஈடு கட்டாத இடத்தில், போட்ட முதலைத் திரும்பப் பார்க்கவே நூற்றுக்கு 28 ஜெயிக்க வேண்டும். நிகர லாபத்தில் நூற்றுக்கு 30 வருமான வரி, 2023 ஏப்ரல் முதல் கம்பெனியே பிடித்தது. ஒரு வருஷத்து நஷ்டத்தை அடுத்த வருஷத்து லாபத்தில் கழிக்கவும் வழியில்லை. நஷ்டம் முழுவதும் ஆட்டக்காரருக்கு. லாபம் வந்தால் சர்க்காருக்கும் பங்கு. வரிக்கு முன் நூற்றுக்கு ஐந்தோ பத்தோ லாபம் கண்டவரின் நோட்டு, வரிக்குப் பின் நஷ்டம் காட்டியிருக்கும். நோட்டே போடாதவருக்கு, ஜெயித்த இரவு மட்டும் ஞாபகத்தில் இருக்கும்.

தமிழக சர்க்காரின் 2025 பிப்ரவரி விதிகள் இந்த நோட்டைச் சட்டத்தின் மூலம் போட வைக்கிற முயற்சி எனலாம். ஆதார் சரிபார்ப்பு, நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை ஆட்டம் கூடாது, எச்சரிக்கை வாசகங்கள் என்று அதில் இருந்தன. ஜூன் 3-ந் தேதி ஐகோர்ட்டு அவற்றை ஏற்றது. மூன்று மாதத்துக்குள் மத்திய சட்டம் வந்து ஆட்டத்தையே நிறுத்திவிட்டது.

இனி மறைவாக ஆட அழைப்பவை வெளிநாட்டுச் செயலிகள். அங்கே வரிச் சான்று கிடையாது. ஜெயித்த பணம் வராவிட்டால் கேட்க ஆபீசும் கிடையாது. அங்கே ஏமாந்தவர்கள் 1930 என்ற எண்ணில் சைபர் குற்றப் பிரிவுக்குச் சொல்லலாம். மனம் உடைந்து போனவர்களுக்கு 14416 என்ற எண்ணில் இலவச ஆலோசனை கிடைக்கும். பழைய ஆட்டத்துக்கு இப்போதும் கணக்கு எழுதலாம்: வங்கிப் பதிவில் கம்பெனிக்குப் போன தொகைகளை ஒரு பக்கமும் திரும்பி வந்தவற்றை மறுபக்கமும் கூட்டினால், ஒரு மாலை நேரத்தில் வேலை முடிந்துவிடும்.