அறுபத்தோராவது அலகு

கிளிநொச்சியின் பரந்தனில் எங்கள் ஒழுங்கைக்கு மின்சார மீற்றர் வாசிக்கிற தம்பி வரும் நாளில், முதலில் படலைக்கு வருபவர் அயல்வீட்டு அக்கா. “தம்பி, அறுபது தாண்டிட்டுதோ?” “இல்லையக்கா, அம்பத்தேழு.” அந்தப் பதிலோடு அவருக்கு அந்த மாதம் கடந்துவிடும். மூன்று பிள்ளைகளைத் தனியே வளர்ப்பவர். தண்ணி மோட்டரை எத்தனை நிமிடம் போட்டால் கத்தரியும் மிளகாயும் தாங்கும் என்று கணக்கு வைத்திருப்பவர்.

மாதம் 60 அலகுக்குள் நிற்கும் வீட்டுக்கு ஒரு விலை. அறுபத்தோராவது அலகு ஓடியதும், முதலாவது அலகிலிருந்தே வேறு விலை. நிலையான கட்டணமும் வேறு. 2025 ஜூன் திருத்தத்தின்படி 60 அலகுக்கு வரி சேராமல் 585 ரூபா. 61 அலகுக்கு ஏறக்குறைய அதன் இருமடங்கு. ஒரு விளக்கை அணைக்க மறந்ததற்கு அவ்வளவு விலை.

போன கிழமை அக்கா என்னிடம் கேட்டார்: “ஸ்மார்ட் மீற்றர் எண்டு ஒண்டு வருமாமே. பூட்டினா பில் கூடுமோ?”

கொழும்பை அண்டிய கரையோரங்களில் லெக்கோ மின்விநியோக நிறுவனம் இதை ஏற்கெனவே பொருத்தி வருகிறது. எங்கள் பக்கமும் ஒருநாள் வரும். இதுவும் அதே அலகைத்தான் எண்ணுகிறது. ஆனால் மாதத்துக்கு ஒரு தடவை அல்ல, கால் மணிக்கோ அரை மணிக்கோ ஒரு தடவை கணக்கெடுத்துத் தானே அலுவலகத்துக்கு அனுப்பும். அங்கிருந்தபடியே கரண்டை வெட்டவும் வசதி உண்டு. சிலர் கதிர்வீச்சுப் பயம் சொல்கிறார்கள். காதில் வைத்துப் பேசும் கைபேசியிலிருந்து வருவதைவிட அது மிகக் குறைவு. என் கவலை அதுவல்ல.

1990இல் வடக்குக்கான மின்தொடர்பு அறுந்தபின், கிளிநொச்சியும் முல்லைத்தீவும் ஏறக்குறைய இருபது வருடம் தேசிய மின்கம்பியைக் காணவில்லை. ஜாம் போத்தல் விளக்கில் படித்தோம். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டோம். அப்படி இருந்துவிட்டுக் கிடைத்த வெளிச்சத்தை, முகம் தெரியாத ஒருவர் தூரத்திலிருந்து ஒரு பொத்தானில் நிறுத்தலாம் என்பது எனக்குச் சின்ன விசயமாகப் படவில்லை. வெட்ட வருகிறவர் இன்று படலைக்கு வந்தாக வேண்டும். “வெள்ளிக்கிழமை கட்டிப்போடுவன் தம்பி” என்று சொல்ல ஒரு முகம் இருக்கிறது. புது மீற்றரில் அந்த முகம் இல்லை. பிரித்தானியாவில் கடனாளி வீடுகளின் ஸ்மார்ட் மீற்றர்களைத் தூரத்திலிருந்தே முற்கொடுப்பனவு முறைக்கு மாற்றினார்கள். 2023இல் அது பெரும் சர்ச்சையாகி, கட்டாயமாக மாற்றுவதை நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று.

அரை மணிக்கு ஒரு கணக்கு என்றால், வீட்டில் எப்போது ஆள் இருக்கிறது, எப்போது இல்லை என்பதும் அதில் தெரியும். நெதர்லாந்தின் மேல்சபை 2009இல் இந்தக் காரணத்துக்காகவே கட்டாய ஸ்மார்ட் மீற்றர் சட்டத்தை ஏற்கவில்லை. எத்தனையோ தரம் பதியப்பட்டு, எண்ணப்பட்டு, விசாரிக்கப்பட்ட வன்னிச் சனத்துக்கு இந்தக் கவலையை விளக்கத் தேவையில்லை. அந்தக் கணக்கை யார் பார்க்கலாம், எவ்வளவு காலம் வைத்திருக்கலாம் என்பது முதலிலேயே எழுத்தில் வர வேண்டும்.

பில் கூடுமோ என்ற கேள்விக்கும் வழி இருக்கிறது. 2024இல் குஜராத்தின் வடோதராவில் சனம் தெருவுக்கு இறங்கிய பிறகு, ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய மீற்றரையும் பக்கத்தில் பூட்ட அரசு சம்மதித்தது. அதை இங்கே சண்டை பிடிக்காமலே செய்யலாம். மாலை 6.30 முதல் 10.30 வரை கூடிய விலை என்ற நேரவாரிக் கட்டணம் இப்போது வீடுகளுக்கு விருப்பத் தெரிவுதான். புது மீற்றரைச் சாட்டி அதைக் கட்டாயமாக்கக் கூடாது. பிள்ளைகள் படிக்கிற நேரம் அது. நேரில் வந்து சொல்லாமல் எந்த வீட்டின் கரண்டையும் வெட்டக் கூடாது.

இவ்வளவும் உறுதியானால் நான் இந்த மீற்றரை வரவேற்பேன். ஏனென்றால் பழைய மீற்றரால் முடியாத ஒன்று இதனால் முடியும். “இதுவரை 46 அலகு, இன்னும் பத்து நாள் இருக்கிறது” என்று அக்காவின் கைபேசிக்குத் தமிழில் ஒரு செய்தி வர வேண்டும். அவர் மாதக் கடைசியில் படலையில் கேட்கிற கேள்விக்கு, மோட்டரை நிறுத்த இன்னும் அவகாசம் இருக்கும்போதே பதில் கிடைக்க வேண்டும்.