நிக்குமா, நிக்காதா?

யமஹா ஆர்.எக்ஸ்.100 உற்பத்தியே 1996-ல் நின்றுவிட்டது. வண்டிதான் சட்டென்று நிற்காது! முன்னால் டிரம் பிரேக். சி.டி.எச். ரோட்டில் தண்ணி லாரி குறுக்கே வந்தால்?

அம்பத்தூர் எஸ்டேட் நண்பர் புதுப்பேட்டையில் டிஸ்க் மட்டும் கேட்டார்.

"காலிபர் மாட்ட பழைய ஃபோர்க்குல இடமே இல்ல சார்!"

ஃபோர்க், வீல், ஆக்ஸில், மாஸ்டர் சிலிண்டர்... கல்யாணத்துக்கு அழைத்த மாதிரி குடும்பத்தோடு வரணுமாம். ஸ்டெம் நீளமும் பேரிங்கும் பொருந்தணும். கொஞ்சம் ஆட்டம் இருந்தாலும் ஆவடி போவதற்குள் கை உதறும். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு வேறு முறைக்கும்.

இப்போது வண்டி நிற்கிறது. ஆனால், புதுச் சக்கரத்தில் பழைய ஸ்பீடோமீட்டர் கேபிள் மாட்ட வழியில்லை.

"எவ்வளவு ஸ்பீடுல வந்தீங்க?"

"போலீஸ்காரர் சொன்னாத்தான் சார் தெரியும்!"