சாக்குக்கு ஒரு கிலோ

தராசு பழுது பார்ப்பது என் தொழில். திருமயம் கடைவீதியில் எட்டடிக்குப் பத்தடியில் ஒரு கடை. வாசலுக்கு வந்து நிமிர்ந்தால் கோட்டை மதில் தெரியும். அப்பா காலத்தில் இரும்புத் தராசு, படிக்கல், படி, உழக்கு என்று வேலை இருந்தது. இப்போது எல்லாம் எலெக்ட்ரானிக். பேட்டரி மாற்றுவேன், லோட்செல் மாற்றுவேன், வருஷத்துக்கு ஒரு தடவை தராசுகளை முத்திரை முகாமுக்குச் சுமந்து போய் வரிசையில் நிற்பேன். நாற்பது வருஷமாகிறது. எடையில் நடக்கிற களவில் எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்ற இறுமாப்பு போன மாசி வரைக்கும் இருந்தது.

மாசியில் புளி வரும். அரிமளம் பக்கத்திலிருந்து ஓர் ஆத்தா வருஷா வருஷம் கொண்டுவருவார். கொல்லையில் இரண்டு மரம். உலுக்கி, தோடு உடைத்து, கொட்டை எடுத்து, காயவைத்து, ஒரு சாக்கில் கட்டி பஸ்ஸில் ஏற்றி வருவார். அன்றைக்கு விற்றுவிட்டுத் திரும்பும்போது என் கடைத் திண்ணையில் உட்கார்ந்தார்.

"தம்பி, ஒந் தராசெல்லாம் பொய் சொல்லுது" என்றார்.

"என் தராசா ஆத்தா?"

"நீ ரிப்பேர் பண்ணிக் குடுத்த தராசுதானாமே. வீட்ல பக்கத்து வீட்டுப் பய நிறுத்துப் பாத்தான், இருபத்திரண்டு கிலோவுக்கு மேல. அங்க இருபதுக்குத்தான் காசு."

எனக்குச் சுருக்கென்றது. கடையைப் பையனிடம் விட்டுவிட்டு, பத்துக் கிலோக் கல்லையும் ஐந்து கிலோக் கல்லையும் எடுத்துக்கொண்டு அந்தக் கொள்முதல் கடைக்குப் போனேன். முதலாளி முகம் சுளிக்கவில்லை. "பாருங்களேன்" என்று தள்ளி நின்றார். பத்து வைத்தேன், பத்து. பதினைந்து வைத்தேன், பதினைந்து. தட்டின் நான்கு மூலையிலும் வைத்துப் பார்த்தேன், ஐந்து கிராம்கூட நகரவில்லை. முத்திரை வில்லையில் காலாண்டு எழுத்தும் வருஷமும் சரியாக இருந்தன. ஆத்தாவின் சாக்கையே ஏற்றச் சொன்னேன். 22 கிலோ 400 கிராம்.

தராசு பொய் சொல்லவில்லை. பக்கத்தில் கிடந்த துண்டுச் சீட்டுதான் சொல்லியிருந்தது. சாக்குக்கு ஒன்று, ஈரத்துக்கு ஒன்று, சில்லறை 400 கிராம் தள்ளுபடி. ஆக 20 கிலோ, கிலோ 120 ரூபாய், 2,400.

சாக்கைக் காலி செய்து, என் கடைக்குக் கொண்டுவந்து நிறுத்தேன். வெள்ளை பிளாஸ்டிக் சாக்கு. 110 கிராம். (30 கிலோ தராசின் தகட்டில் 'குறைந்தபட்சம் 100 கிராம்' என்று எழுதியிருக்கும். அதற்குக் கீழே அதை நம்பக் கூடாது. ஐம்பது கிராம் இஞ்சியை அதில் நிறுத்து வாங்குகிறவர்கள் கவனிக்க.) சாக்கு ஒரு கிலோ இருந்தது சணல் சாக்கு காலத்தில். அந்தச் சாக்கு போய் வருஷங்கள் ஆகிவிட்டன. அதற்குப் பிடித்த கழிவு மட்டும் பிளாஸ்டிக்கின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. கணக்குப் போட்டுப் பார்த்தால், ஒரு பொட்டு ஈரம்கூட இல்லாத, வெயிலில் சலசலவென்று காய்ந்த புளியில் ஆத்தா இழந்தது சுமார் 275 ரூபாய். அவர் ஊருக்குப் போய் வரும் பஸ் செலவு போக, ஒரு நாள் கொட்டை எடுத்த கூலி அது.

நான் எழுத வந்தது இதைத்தான். நியாயமான எடை என்றால் நியாயமான தராசு என்று அரசாங்கம் நினைக்கிறது. நானும் நினைத்தேன். தராசுக்குச் சட்டம் இருக்கிறது. 2009-இல் இயற்றி 2011 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த சட்டமுறை எடையளவுச் சட்டம். எலெக்ட்ரானிக் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை, இரும்புக் கல்லுக்கும் கைத்தராசுக்கும் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை. கல்லின் அடியில் குழி இருக்கும், அதில் ஈயம் ஊற்றியிருக்கும், அந்த ஈயத்தில் முத்திரை குத்துவார்கள். ஈயத்தைச் சுரண்டினால் கல் இளைக்கும், முத்திரையும் போய்விடும். நல்ல ஏற்பாடு. ஆனால் தராசில் தெரியும் எண்ணுக்கும் கைக்கு வரும் காசுக்கும் நடுவில் இருக்கிற அந்தத் துண்டுச் சீட்டுக்கு யார் முத்திரை குத்துகிறார்கள்?

முன்பு களவு தராசிலேயே இருந்தது. தட்டின் அடியில் புளியை ஒட்டுவார்கள். ஒரு பக்கச் சங்கிலியில் ஒரு கண்ணியைக் குறைப்பார்கள். கல்லைக் குடைந்து மரத்தூள் அடைப்பார்கள். இவற்றையெல்லாம் கண்டுபிடிப்பது என் அப்பாவுக்கு விளையாட்டு மாதிரி. வீசையும் பலமும் போய்க் கிலோ வந்தது அவர் காலத்தில்தான். 1958-இல் தொடங்கி 1962-க்குள் கட்டாயமாக்கினார்கள். நாற்பது பலம் ஒரு வீசை என்று விரல் நுனியில் கணக்கு வைத்திருந்த கிழவிகள் ஒரு கிலோவை நம்பாமல் வீட்டுக்குப் போய் மறுபடி படியில் அளந்து பார்ப்பார்களாம். அப்பாவின் மரப்பெட்டியில் பழைய பலக்கற்களோடு இரண்டு அம்மன் காசும் இன்னும் கிடக்கிறது. ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கில் 'விஜய'. புதுக்கோட்டைச் சமஸ்தானம் 1948-இல் இந்தியாவோடு சேர்ந்த பிறகு அந்தக் காசுக்குச் சந்தையில் வேலை இல்லை. எனக்கென்னவோ எடுத்துப் போட மனசு வரவில்லை.

அந்தக் கள்ளத் தராசுகளை எலெக்ட்ரானிக் தராசு ஏறக்குறைய ஒழித்துவிட்டது என்றே சொல்வேன். களவு மேலே ஏறி, கணக்குக்குப் போய்விட்டது. புளியில் சாக்குக் கழிவு. தேங்காயில் லாபக்காய்: நூறு காய்க்கு இத்தனை என்று விலையில்லாமல் எடுத்துக்கொள்வது. நெல் அளக்கும்போது முதல் மரக்காலை 'ஒன்று' என்று சொல்ல மாட்டார்கள், 'லாபம்' என்பார்கள், அப்புறம்தான் 'ரெண்டு'. அந்த லாபம் களத்துக்குச் சொன்ன வாழ்த்து. யாருடைய லாபமும் அதில் குறையவில்லை. வாழ்த்தாக இருந்த சொல்லைக் காயாக மாற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டது யாருடைய மூளையோ.

சீமையில் இதற்கு நேர்மாறாக ஒன்று உண்டு. அங்கே ரொட்டிக்கடைக்காரன் ஒரு டஜன் கேட்டால் பதின்மூன்று கொடுப்பானாம். எடை குறைந்தால் கிடைக்கும் தண்டனைக்குப் பயந்து வந்த பழக்கம் என்று சொல்வார்கள். 13ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ரொட்டிக்கும் பீருக்கும் சட்டம் போட்டார்கள். கோதுமை விலை ஏறினால் ரொட்டியின் விலை ஏறாது, ரொட்டியின் எடை இறங்கும். எவ்வளவு இறங்கலாம் என்பதையும் சட்டமே சொல்லும். அதைவிட எனக்குப் பிடித்தது அவர்களுடைய சந்தை நீதிமன்றம். அதற்குப் பெயரே 'தூசிக்கால் நீதிமன்றம்' என்று அர்த்தம் வருகிற பிரெஞ்சுச் சொல். ஊர் ஊராக நடந்து, காலெல்லாம் புழுதியோடு வருகிற வியாபாரிக்கு வழக்கு என்றால் அடுத்த மாதம் வா என்று சொல்ல முடியாது. அவன் நாளைக்கு வேறு ஊர்ச் சந்தையில் இருப்பான். ஆகவே சந்தைத் திடலிலேயே உட்கார்ந்து, வியாபாரம் தெரிந்தவர்களையே வைத்துக்கொண்டு, ஒன்றிரண்டு நாளுக்குள் தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள்.

அதைப் படித்தபோது எனக்கு அந்த ஆத்தாவின் கால்தான் ஞாபகம் வந்தது. 275 ரூபாய்க்காக அவர் புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறி நுகர்வோர் ஆணையத்தில் மனு எழுதிப் போட வேண்டுமா? அவர் நுகர்வோரே இல்லை, விற்றவர். முத்திரை ஆய்வாளரிடம் போனாலும், அவர் வந்து பார்த்தால் தராசு சரியாகத்தானே இருக்கும். என்ன எழுதுவார்?

இப்படிச் சொன்னதும் முதலாளிகள் தரப்பு என் காதில் விழாது என்று நினைக்க வேண்டாம். அவர்களும் என் வாடிக்கைக்காரர்கள். மாசியில் வாங்கிய புளி ஆடிக்குள் எடை குறையும், உண்மைதான். சாக்கில் ஓடும் நாரும் வரும், உண்மைதான். அதை யார் தாங்குவது என்று கேட்கிறார்கள். நான் சொல்வது ஒன்றே: விலையில் குறையுங்கள், எடையில் குறைக்காதீர்கள். கிலோ 108 என்று சொல்லுங்கள். ஆத்தா அடுத்த கடைக்குப் போய் 'இங்க எவ்வளவு?' என்று கேட்க முடியும். 120 என்று வாயால் சொல்லிவிட்டுச் சீட்டில் இரண்டு கிலோ கழித்தால், அவர் எந்தக் கடையை எந்தக் கடையோடு ஒப்பிடுவார்? கழிவு என்பது மறைத்து வைத்த விலைக்குறைப்பு. மறைப்பதற்காகவே அது எடைக்குள் ஒளிந்திருக்கிறது.

இதற்கு மருந்து புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. பருத்தி வியாபாரத்தில் இதே மாதிரி கழிவும் தரகும் பிடுங்கியதால்தான் 1933-இல் சென்னை மாகாணத்தில் வணிகப் பயிர்ச் சந்தைச் சட்டம் வந்தது, 1936-இல் திருப்பூரில் முதல் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் திறந்தது. 1999 நவம்பர் 14-இல் மதுரை அண்ணா நகரில் முதல் உழவர் சந்தை வந்தபோது விவசாயிக்குத் தராசை அரசாங்கமே காலையில் கொடுத்தது. விலைப் பலகையும் வைத்தது. உழவர் சந்தையில் காய்கறிக்கு முடிந்தது, வாரச்சந்தையிலும் கடைவீதியிலும் சாக்கோடு வருகிறவருக்கு ஏன் முடியாது? சந்தை வாசலில் ஒரு பொதுத் தராசு. முத்திரை வைத்தது, காசு வாங்காதது, எடையை அச்சடித்துக் கொடுப்பது. சாக்கு எத்தனை கிராமோ அதையும் அங்கேயே நிறுத்துச் சீட்டில் போட வேண்டும்.

அந்தச் சீட்டில் இருக்கிற எடைக்குக் குறைத்து எவராவது காசு கொடுத்தால், சந்தை கலைவதற்குள் அதே இடத்தில் உட்கார்ந்து பேச ஒரு பெஞ்சு வேண்டும். உள்ளாட்சியிலிருந்து ஒருவர், வியாபாரிகளில் ஒருவர், விற்க வருகிறவர்களில் ஒருவர். முத்திரை ஆய்வாளர் மாதம் ஒரு சந்தை நாளாவது அந்தப் பெஞ்சில் இருக்கட்டும். கருப்புக் கோட்டு வேண்டாம்.

பேச்சுவாக்கில் இன்னொன்று. சந்தை வசூலை ஏலம் விடுகிறார்கள். ஒரு தடவை பக்கத்து ஊர்ச் சந்தை ஒன்றில் தராசு சரிபார்க்கக் கீழே வைத்ததற்கே என்னிடம் காசு கேட்டார்கள். கட்டணப் பலகை எங்கே என்றேன். சிரித்தார்கள். ரசீது கேட்டதும் சிரிப்பு நின்றது. கூடைக்கு எவ்வளவு, மூட்டைக்கு எவ்வளவு, ஆட்டுக்கு எவ்வளவு என்று ஆள் உயரத்தில் பெயிண்டில் எழுதி வைப்பதற்கு என்ன செலவாகிவிடும்?

எழுதி வைப்பதில் எங்கள் ஊருக்குப் பழக்கம் இல்லாமல் இல்லை. ஒரே பாறையில் சத்தியகிரீஸ்வரரும் சத்தியமூர்த்திப் பெருமாளும் இருக்கிறார்கள். வருமானத்தைப் பங்கு போடுவதில் இரண்டு கோயிலுக்கும் நீண்ட காலம் தகராறு. 1245-இல் ஹொய்சாளத் தண்டநாயகர் அப்பண்ணா முன்னால் பேசித் தீர்த்தார்கள். தீர்த்ததைக் கல்லில் வெட்டினார்கள். கோட்டை எழுந்தது அதற்கு நானூறு வருஷத்துக்கும் மேல் கழித்து, 1687-இல். அதைப் பார்க்க ஆள் வருகிறது. கல்வெட்டைப் பார்க்க வருகிறவர் குறைவு.

கூறு கட்டி விற்கிற கிழவிகளை மட்டும் விட்டுவிடுங்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். நாலு கத்தரிக்காயும் ஒரு முருங்கைக்காயும் கூறு பத்து ரூபாய் என்று சாக்கு மேல் பரப்பி வைத்திருப்பதற்கு முத்திரை எதற்கு? வாங்குகிறவள் கண்ணே தராசு. சோதனை என்று வருகிறவர்கள் முதலில் பிடுங்குவது அந்தக் கிழவியிடமிருக்கிற துருப்பிடித்த கால்கிலோக் கல்லைத்தான். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். பெரிய கடையில் சுவரில் குறள், மேஜையில் முத்திரைத் தராசு, கல்லாவில் துண்டுச் சீட்டு.

பங்குனியிலிருந்து என் கடைத் திண்ணையில் ஒரு தராசை வெளியே வைத்திருக்கிறேன். அதற்கும் இந்த வருஷ முத்திரை இருக்கிறது. திண்ணை கொஞ்சம் சரிவு, நீர்மட்டக் குமிழ் நடுவில் நிற்க ஒரு பக்கம் அட்டை மடித்துச் செருகியிருக்கிறேன். யார் வேண்டுமானாலும் மூட்டையை வைத்துப் பார்க்கலாம். சாக்கைத் தனியாக நிறுத்து, தேதி போட்டு, துண்டுக் காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். காசு இல்லை. ஆத்தா போன வாரம் முருங்கைக்காய் கொண்டுவந்தார். சீட்டை வாங்கிச் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டு போனார். அன்றைக்குக் கழிவு கால் கிலோவோடு நின்றதாம். இதுவரை இரண்டு முதலாளிகள் தங்கள் தராசை என்னிடம் கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். மூன்றாமவர் ஆள் அனுப்பி, அந்தத் தராசை எப்போது உள்ளே எடுத்து வைப்பதாக உத்தேசம் என்று கேட்டிருக்கிறார்.