சைக்கிள் போகும் சாலையில் நெல் காயலாமா?

தை பிறந்து சம்பா அறுவடை மும்முரமாகிவிட்டால் நாகப்பட்டினத்திலிருந்து வேளாங்கண்ணி, திருப்பூண்டி வழியாக வேதாரண்யம் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும், அதிலிருந்து பிரியும் கிராமச் சாலைகளிலும் பாதி தார் தெரியாது. நெல் காய்ந்துகொண்டிருக்கும். அதே தை மாதத்தில்தான் வெளியூர்களிலிருந்து சைக்கிள் பயணம் வருவோரும் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கின்றனர். மழை ஓய்ந்து, வெயில் ஏறாத காலம்; மேடு பள்ளம் இல்லாத சாலை; வடக்கிலிருந்து தெற்கே போனால் வாடைக்காற்று முதுகில் கை வைத்துத் தள்ளும். ஒரு பக்கம் விளைந்த வயல், மறுபக்கம் சவுக்கும் தென்னையும், கடைசியில் அகஸ்தியம்பள்ளி உப்பளம், கோடியக்கரைக் காட்டில் வெளிமான், சதுப்பில் பூநாரை. 60 கிலோமீட்டர் அளவுள்ள இந்த வழி சைக்கிள்காரர்களுக்குப் பிடித்துப்போனதில் வியப்பில்லை. திரும்பி வரும்போது அதே வாடை முகத்தில் அறையும் என்பது வேறு கதை.

இவர்கள் ஓட்டும் சைக்கிளின் டயர் பெரும்பாலும் 25 முதல் 28 மில்லிமீட்டர் அகலம்தான். நம் ஊர் 28 அங்குலச் சைக்கிளின் டயர் ஒன்றரை அங்குலம், அதாவது 38 மில்லிமீட்டர். மெல்லிய டயர் நெல்லின் மேல் ஏறினால் தானியம் குண்டுமணிபோல் உருளும். பிரேக் பிடித்தால் சைக்கிள் நிற்காது, சரியும். உளுந்து, பயறுச் செடியைச் சாலையில் பரப்பி வண்டிகளை ஏற்றிப் போரடிக்கும் பங்குனி, சித்திரையில் கொடி சங்கிலியில் சுற்றிக்கொள்ளும். எனவே சாலையில் தானியம் காயவைப்பதைத் தடை செய்ய வேண்டும், போலீசார் வழக்குப் போட வேண்டும் என்ற குரல் நகரங்களில் எழுகிறது.

சட்டம் இல்லாமல் இல்லை. பொது வழியில் இடையூறு செய்வது பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 283ஆவது பிரிவுப்படி 200 ரூபாய் வரை அபராதத்துக்குரிய குற்றமாக இருந்தது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 285ஆவது பிரிவு அதை 5,000 ரூபாய் வரை உயர்த்தியிருக்கிறது. ஆனால் விவசாயி சாலைக்கு ஏன் வந்தான் என்று கேட்காமல் அபராதச் சீட்டைக் கிழித்துக் கொடுப்பது நியாயமாகாது.

அரிவாளால் அறுத்த காலத்தில் நெல் அரியாக வயலிலேயே காயும். கட்டுக் கட்டிக் களத்துக்கு வந்து, அடித்துத் தூற்றி மூட்டை பிடிக்க நாட்கள் ஆகும். அதற்குள் ஈரம் தானே இறங்கிவிடும். இப்போது அறுவடை இயந்திரம் ஒரு மணி நேரத்தில் ஓர் ஏக்கரை முடித்து, பச்சை நெல்லை டிராக்டர் பெட்டியில் கொட்டிவிட்டுப் போகிறது. அதில் ஈரப்பதம் 20 சதவிகிதத்துக்கு மேலும் இருக்கும். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் பொதுவாகக் கேட்பது 17 சதவிகிதம். மழை கெடுத்த சில ஆண்டுகளில் 19, 20 என்று தளர்த்தியது உண்டு; ஆனால் அந்த உத்தரவு வரும்வரை நெல் காத்திருக்காது, முளைத்துவிடும். ஊர்க் களமோ பல இடங்களில் பெயருக்குத்தான் உள்ளது. களம் புறம்போக்கு என்று பதிவேட்டில் இருக்கும்; நேரில் போய்ப் பார்த்தால் வைக்கோல் போரும் குடிசையும் நிற்கும். மிச்சம் இருப்பது சாலைதான்.

கணக்கைச் சற்றுப் போட்டுப் பார்க்கலாம். ஏக்கருக்கு 2 டன், அதாவது 40 கிலோ மூட்டையில் 50 மூட்டை என்று வைத்துக்கொண்டால், இரண்டு விரற்கடை கனத்தில் பரப்புவதற்கு ஏறத்தாழ 950 சதுர அடி வேண்டும். 3 மீட்டர் அகலமுள்ள பாதிச் சாலையில் இது 30 மீட்டர் நீளத்தை அடைக்கும். ஒரே நாளில் பத்து ஏக்கர் அறுத்தால் 300 மீட்டர் சாலை போயிற்று. எந்தச் சிறு விவசாயியின் வீட்டு வாசலிலும் 950 சதுர அடி சும்மா கிடப்பதில்லை.

ஆனால் சாலையில் காய்வதால் நெல்லுக்கு நன்மை என்று எண்ணினால் அது தவறு. 22 சதவிகித ஈரமுள்ள 100 கிலோ நெல்லை 17க்கு இறக்கினால் 94 கிலோ நிற்கும். இந்த 6 கிலோ தண்ணீர். எங்கே காய்ந்தாலும் போகவேண்டியதுதான். அதற்கு மேல் போவதுதான் நஷ்டம். லாரி சக்கரத்தில் உமி நீங்கிய மணி, சாலையோரம் சிதறியது, நடுப்பகலில் தார் கொதிக்கும்போது உள்ளே விரிசல் விட்டு அரவையில் நொய்யாவது எல்லாம் அந்தக் கணக்கில் வரும். கல்லும் மண்ணும் ஒரு சதவிகிதத்தைத் தாண்டினால் கொள்முதல் நிலையத்தில் தகராறு. தூற்றிக்கொண்டு வா என்று திருப்பி அனுப்பினால் அன்றைய வரிசையும் போயிற்று. விதைநெல்லைத் தார்ச்சாலையில் கொட்டுவதோ முளைப்பைக் கையாலேயே கெடுத்துக்கொள்வதாகும்.

இந்த வழக்கில் ஒரு விஷயத்தை இரு தரப்பும் மறந்துவிடுகின்றன. சாலையில் சறுக்கி விழுகிறவர் எல்லாரும் வெளியூர்ச் சைக்கிள்காரர் அல்லர். அவர் பகலில் வருகிறார். தலையில் கவசம், முன்னும் பின்னும் விளக்கு. மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார். விடியற்காலை நான்கு மணிக்குப் பால் கேன்களைக் கட்டிக்கொண்டு போகிறவர், முல்லைப்பூ மூட்டையோடு முதல் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர், அரசு கொடுத்த சைக்கிளில் பள்ளி முடிந்து இருட்டும் வேளையில் திரும்பும் பெண்பிள்ளை, இவர்களெல்லாம் தினமும் வருகிறார்கள். விளக்கு இல்லை, கவசமும் இல்லை. புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் பல்லாயிரம் பெண்களைச் சைக்கிள் ஓட்டக் கற்க வைத்தது. சந்தைக்கும் வேலைக்கும் தாமே போய்வர அது வழிசெய்தது. அந்தச் சைக்கிள் ஓடுவதும் இதே சாலையில்தான். நெல்லை அள்ளிய பிறகு ஓரத்தில் அணைத்து வைத்த கருங்கல்லை யாரும் எடுப்பதில்லை. அமாவாசை இரவில் அந்தக் கல்லில் மோதுவது பெரும்பாலும் கல்லை வைத்தவரின் சொந்தக்காரராகவே இருப்பார்.

ஆகவே நெல் சாலையை விட்டு இறங்கத்தான் வேண்டும். ஆனால் இறங்க ஓர் இடம் காட்டிவிட்டு இறங்கச் சொல்ல வேண்டும். ஊருக்கு ஒரு சிமெண்டு உலர்களம் போதாது. முன்னே சொன்ன கணக்குப்படி 10,000 சதுர அடிக் களத்தில் ஒரு நாளைக்குப் பத்து ஏக்கர் நெல்தான் காயும். கொள்முதல் நிலையம் இருக்கும் இடத்திலேயே களமும் இருந்தால் மூட்டையை இருமுறை ஏற்றி இறக்கும் கூலி மிச்சமாகும். களம் புறம்போக்கை அளந்து மீட்க வருவாய்த் துறைக்கு மனம் வேண்டும். அங்கே குடியிருப்பவருக்கு மாற்று இடம் தராமல் மீட்பது வேறொரு சண்டைக்கு வழி. மூட்டை போட்டு மாதக்கணக்கில் காத்திருக்கும் நிலை மாறினாலே சாலைமேல் பாதிச் சுமை குறையும்.

அதுவரை காயவைப்பவர் செய்யக்கூடியது சிறிது உண்டு. இரு பக்கமும் கொட்டாமல் ஒரே பக்கம் கொட்டலாம். வளைவிலும் பாலத்தடியிலும் கொட்டவே கூடாது. கல்லுக்குப் பதில் மணல் நிரப்பிய சாக்கை அணைக்கலாம். மோதினாலும் பல் போகாது. தார்ப்பாய் விரித்துப் பரப்பினால் மண் சேராது, அள்ளுவதும் எளிது. பொழுது சாய்ந்ததும் நெல்லை அள்ளி ஓரத்தில் குவித்து, குவியலருகே ஒரு விளக்காவது வைக்கவேண்டும்.

சைக்கிள் பயணிகளை விரோதியாகப் பார்ப்பதிலும் அர்த்தமில்லை. கார்க்காரர் நாகையில் ஏறிக் கோடியக்கரையில் இறங்குகிறார். இடையில் ஓர் ஊரின் பெயரும் அவருக்குத் தெரியாது. சைக்கிள்காரருக்கு பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்கு ஒருமுறை தாகம் எடுக்கும். இளநீர், நுங்கு, மோர், வெள்ளரிப் பிஞ்சு எது கிடைத்தாலும் நின்று வாங்குவார். இதனால் ஊர் செழித்துவிடும் என்று சொல்வதற்கில்லை. சாலையோரத் தென்னை வைத்திருப்பவருக்கு வியாபாரியின் விலையைவிட நாலு காசு கூடக் கிடைக்கும், அவ்வளவே. வேறொரு வகையில் அவர் துணையாவார். சாலையின் ஓரத்தில் சைக்கிளுக்கென்று ஒன்றரை மீட்டர் தனி வழி கேட்பவர் அவர்தான். அந்த வழி போடப்பட்டால் முதலில் பயன் பெறுவது பால்காரரும் பள்ளிப் பிள்ளையும். நகரத்துச் சங்கங்கள் இந்தக் கோரிக்கையோடு உலர்களத்தையும் சேர்த்து மனுக் கொடுத்தால் அதற்கு மதிப்பு கூடும். அபராதம் கேட்டு மட்டும் மனுக் கொடுத்தால் கிராமத்தில் ஒரு சொம்புத் தண்ணீர் கிடைப்பதுகூடக் கஷ்டம்.

களத்துக்கான தீர்மானத்தை ஜனவரி 26 கிராம சபையில் கொண்டுவருவது வழக்கமாகிவிட்டது. அன்றைக்கு நெல் ஏற்கெனவே சாலையில் கிடக்கும். அக்டோபர் 2 கிராம சபையில், சம்பா நடவு முடிந்த கையோடு, புல எண்ணைக் குறிப்பிட்டு எழுதி வைத்தால் அடுத்த அறுவடைக்காவது அளவைக்காரர் சங்கிலியோடு வந்து நிற்பார்.